தெரிந்தும் சொல்லாத ஊர்: மென்மர்மக் கதைகளும் கொங்கு நாடும்

1942-ஆம் ஆண்டில் தமிழில் இரண்டு கதைகள் வந்தன. ஒன்று, தேவன் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ‘துப்பறியும் சாம்பு’. மற்றொன்று, ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. முதலாவதைப் படித்துத் தமிழ்நாடே சிரித்தது. இரண்டாவது தமிழின் முதல் வட்டார நாவல் என்று இன்றுவரை பேசப்படுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியவை அல்ல என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பறியும் கதைகளை, அதிலும் ரத்தம் தெறிக்காத, நிதானமான, வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத்தக்க துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கிற கொங்கு நாட்டுக்காரன் என்கிற முறையில், இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில்தான் எனக்குப் பிடித்த கதை எழுதப்படாமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளை ‘கோஸி மிஸ்டரி’ என்பார்கள். தமிழில் மென்மர்மம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சில விதிகள் உண்டு. கதை ஒரு சின்ன ஊரில் நடக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொலை விழும், ஆனால் விழுவதை நாம் பார்க்க மாட்டோம். துப்பறிகிறவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார். பெரும்பாலும் வயதான ஒரு பெண்மணி. கொலை செய்தது வெளியூர்க்காரன் அல்ல, நேற்றுவரை கூட உட்கார்ந்து காபி குடித்த ஆள். கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளியே வரும், ஊர் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதன் மூலவிக்கிரகம் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். 1930-ல் வந்த ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ அவர் வரும் முதல் நாவல். செயின்ட் மேரி மீட் என்கிற கற்பனைக் கிராமத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் கிழவி அவர். அவருடைய முறை ஆராய்ச்சிக்கூட முறை அல்ல. சந்தேகத்துக்கு உள்ளான ஆளைப் பார்த்ததும், தன் ஊரில் எப்போதோ ஏமாற்றிய ஒரு வேலைக்காரப் பெண்ணோ கடைக்காரரோ அவருக்கு நினைவுக்கு வந்துவிடுவார்கள். மனித சுபாவம் எங்கே போனாலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

கொங்குக் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த முறை புதிதல்ல. ‘அவங்கப்பாரு மாட்டுச் சந்தையில என்ன பண்ணினாருன்னு தெரியாதா, இவன் அதைத்தான பண்ணுவான்’ என்று திண்ணையில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லும் ஆத்தாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. யார் வீட்டு மாடு யார் காட்டில் மேய்ந்தது, யார் யாரிடம் ஏன் பேசுவதில்லை, எந்த இட்டேறியில் யாருடைய வண்டித்தடம் ராத்திரி விழுந்தது என்பதெல்லாம் அவர்களிடம் கணக்காக இருக்கும். அப்படியானால் நமக்கு ஏன் ஒரு மிஸ் மார்ப்பிள் வரவில்லை?

*

முதலில் நம்மிடம் என்ன வந்தது என்று பார்த்துவிடலாம்.

துப்பறியும் கதை போலீஸை நம்பிப் பிறந்த வடிவம். போலீஸ் முட்டாளாக இருக்கலாம், ஆனால் சாட்சியமும் தடயமும் இருந்தால் கேட்டுக்கொள்ளும் என்கிற நம்பிக்கை இருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் ஆட்களைச் சித்திரவதை செய்வது வழக்கமாக இருக்கிறது என்று 1855-ல் அரசே அமைத்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு 1859-ல்தான் மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. அடித்தால் குற்றவாளி கிடைத்துவிடும் என்கிற இடத்தில் சுருட்டுச் சாம்பலைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பவனுக்கு என்ன வேலை?

ஆனாலும் கதை வந்தது. 1894-ல் பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றி எழுதினார். தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கமாக அதைச் சொல்வது வழக்கம். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு படையே கிளம்பியது. ஆரணியார் ரெனால்ட்ஸின் லண்டன் மர்மங்களைத் தமிழ் நாட்டுக்குக் குடியேற்றினார். ரங்கராஜுவுக்குத் துப்பறியும் கோவிந்தன், வடுவூராருக்குத் திகம்பர சாமியார். பங்களா, ஜமீன், வக்கீல், உயில், வேஷம், கடத்தல் என்று கதை பறக்கும். எனக்கு இவை பிடிக்கும். ஆனால் மென்மர்மம் என்று சொல்ல முடியாது. இவற்றில் ஊர் என்பது பின்னால் தொங்கும் நாடகத் திரை மட்டும்தான்.

இந்த இடத்தில் கொங்கு நாடு கதைக்குள் வருகிறது, ஆனால் கதையின் களமாக அல்ல, அதைத் தயாரிக்கும் பட்டறையாக. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நடத்தினார். 1950-ல் அவர்கள் வடுவூராரின் கதையைத் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கினார்கள். எம்.என். நம்பியார் கதாநாயகன், வேஷத்துக்கு மேல் வேஷம். பின்னால் 1960-களில் அதே நிறுவனம் ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ என்று வரிசையாகத் துப்பறியும் படங்களைக் கொடுத்தது. ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆன கதையில் சேலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கோவைக்கும் பங்கு உண்டு. 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’யைத் தயாரித்தவர் கோவை ஏ.என். மருதாசலம் செட்டியார். எஸ்.எஸ். வாசனின் தொடர்கதை அது. எம்.ஜி.ஆர். திரையில் முதலில் தோன்றியது அதில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராகத்தான். பஞ்சாலையில் நூல் நூற்ற மாதிரியே, நெசவுக்கும் சினிமாவுக்கும் முதல் போட்ட ஊர்கள் மர்மத்தையும் நூற்று வெளியூருக்கு அனுப்பின என்று சொல்லலாம்.

*

நிஜ மர்மம் ஒன்று கோவைக்காரரைத் தொட்டுவிட்டுப் போன கதையும் உண்டு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் சினிமாக்காரர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். கூடவே கைதான இன்னொருவர் கோவையின் பட இயக்குநர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. அவர் விசாரணையில் விடுதலையானார். பிறகு கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோவை வளர்த்து ‘மலைக்கள்ளன்’ போன்ற படங்களைக் கொடுத்தார். பாகவதரும் கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில்வரை வழக்குப் போய், 1947-ல் வெளியே வந்தார்கள். கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிஜ வழக்கு இப்படித்தான் முடியும், நைந்துபோய், ஆளாளுக்கு ஒரு கதையோடு. பாகவதரின் தொழில் வாழ்க்கை அதோடு போயிற்று. மென்மர்மக் கதையைப் படிக்கிறவன் இது தெரியாமல் படிக்கவில்லை. தெரிந்ததனால்தான் படிக்கிறான். முதல் உலகப்போர் முடிந்து இரண்டு வருடத்தில், 1920-ல், கிறிஸ்டியின் முதல் நாவல் வந்தது. லட்சக்கணக்கான சாவுகளுக்குக் காரணம் சொல்ல முடியாத நாட்டில், ஒரே ஒரு சாவுக்காவது கடைசிப் பக்கத்தில் காரணம் சொன்ன புத்தகம். மென்மர்மத்தை ‘உலகத்தை மறக்கப் படிப்பது’ என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் சண்டை. ஒரு உயிர் போனால் அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கதை உலகத்தை மறக்க வைக்கும் கதை அல்ல.

கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் 1948-ல் துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத் தன் வழியில் சொன்னார். கொலை நடக்கும் இடம் முன்பு மாசற்ற இடமாக இருக்க வேண்டும், பிணம் அங்கே பொருந்தாமல் கிடக்க வேண்டும், அப்போதுதான் குற்றம் குற்றமாகத் தெரியும் என்பது அவர் வாதம். ஆங்கிலக் கிராமம் அப்படி மாசற்றதாக இருந்ததா என்பது வேறு விஷயம். இருப்பதாகக் கதை நம்பியது.

*

சாம்புவுக்கு வருவோம். நாற்பது வயது, பாங்க் குமாஸ்தா, பெரிய மூக்கு, ஊரே முட்டாள் என்று சொல்லும் மனிதன். எதையோ செய்யப் போய் எதையோ செய்வார், திருடன் மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் மனைவி வேம்புவரை எல்லோரும் சாம்புவின் மூளையை மெச்சுவார்கள். தமிழில் மென்மர்மத்துக்கு மிக அருகில் வந்தவர் தேவன்தான் என்பது என் கருத்து. அடிதடி இல்லை, ஆபாசம் இல்லை, குடும்பம் இருக்கிறது, பலகாரம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை. உண்மை தற்செயலாக வந்து அவர்மேல் விழுகிறது. அவர் யாரையும் பார்த்து ‘நீதான் செய்தாய்’ என்று தெரிந்து சொல்வதில்லை. மிஸ் மார்ப்பிள் செய்வதில் கடினமான வேலை அதுதான், கூட இருந்தவரை நேருக்கு நேர் பார்த்துச் சொல்வது. தேவன் அந்த வேலையைச் சிரிப்பாக்கித் தள்ளிவிட்டார். ஏன்? அவரால் முடியாததல்ல. ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ எழுதியவர், ஒரு கொலை வழக்கு நீதிமன்றத்தில் எப்படி நடக்கும் என்று இழை பிசகாமல் எழுதியவர் அவர். நம் வாழ்க்கையில் ஒருவர் எழுந்து அப்படிச் சொல்வது நம்பும்படி இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

‘நாகம்மாள்’ அதே ஆண்டில் இதற்குப் பதில் சொல்கிறது. நாகம்மாள் கைம்பெண். கொழுந்தன் சின்னப்பனோடு கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறாள். தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் கெட்டியப்பன் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் ஊரின் கணக்குகள் இருக்கின்றன. கடைசியில் சின்னப்பன் கொல்லப்படுகிறான், நாவல் முடிந்துவிடுகிறது.

ஆங்கிலக் கதையில் பிணம் முதல் அத்தியாயத்தில் கிடக்கும். இங்கே கடைசிப் பக்கத்தில். அங்கே கேள்வி ‘யார் செய்தது?’ இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. யார் செய்தது, ஏன் செய்தது, யார் தூண்டியது எல்லாம் வாசகனுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. துப்பறியும் கதை தொடங்க வேண்டிய இடத்தில் சண்முகசுந்தரம் பேனாவை மூடிவிட்டார், ஏனென்றால் அவர் எழுதிய ஊரில் மர்மம் கொலைக்கு முன்னால்தான் இருக்கிறது, பின்னால் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. எந்தத் தகராறைப் பற்றிக் கேட்டாலும் முதலில் ‘எனக்கென்னங் தெரியும்’ என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் மொத்தக் கதையும் வரும், பரம்பரையோடு, ஏக்கர் கணக்கோடு. கடைசியில் ஒரு முத்திரை: ‘ஆனா நாஞ் சொன்னன்னு சொல்லிப்போடாதீங்க.’ இதுதான் கொங்கு நாட்டு மர்மக் கதை. ‘யார் செய்தது’ அல்ல, ‘யார் சொல்வது’.

*

இதைக் கோழைத்தனம் என்று சொல்லித் தாண்டிப் போவது சுலபம். வரலாறு அப்படிப் போகவிடாது. அதே 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் எரிக்கப்பட்டது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கோவை வட்டாரம் செய்த பெரிய காரியம் அது. பிறகு போலீஸ் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குள் புகுந்து அடித்து விசாரித்தது. ‘யார் செய்தது?’ என்கிற கேள்வி லத்தியோடு வரும்போது ‘எனக்கென்னங் தெரியும்’ என்பது கோழையின் பேச்சு அல்ல. கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து மௌனத்தின் நிறம் மாறுகிறது.

ஆனால் அதே மௌனம் வேறு இடத்தில் வேறு வேலை செய்யும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடலாகக் கிடைத்தார். சாதி மாறிப் பழகினார் என்பதுதான் காரணம். நீதிமன்றத்தில் முக்கியமான சாட்சி பிறழ்ந்தது. கோயிலில் இருந்த கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, மறு ஆண்டு உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டது பட்டப்பகலில், கடைத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. அதையும் கேமரா பார்த்தது. இந்தக் கொலைகளில் செயின்ட் மேரி மீட் கிழவிக்கு வேலையே இல்லை. பார்த்தவர்களுக்குப் பஞ்சமில்லை, சொல்லப் பயப்படாதது இயந்திரம் மட்டும்தான்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ இந்த இடத்திலிருந்து எழுதப்பட்டது. கிறிஸ்டியின் ஒரு நாவலில் குற்றவாளி யார் என்கிற கேள்விக்கு அவர் கொடுத்த விடை வாசகர்களை வாயடைக்க வைத்தது. படிக்காதவர்களுக்காக விடையை இங்கே உடைக்கவில்லை. ‘பூக்குழி’ முடியும்போது அது நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே வாசகன் கெட்டிக்காரத்தனத்தை ரசித்துப் புத்தகத்தை மூடலாம். இங்கே ஒரு ஊர் முழுக்க வேலி முள்ளைச் சுற்றி நிற்கிறது. புத்தகத்தை மூடினாலும் அவர்கள் கலைந்து போவதில்லை.

*

இப்படிப்பட்ட மண்ணில்தான் ராஜேஷ்குமார் எழுத வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. கோவையில் 1947-ல் பிறந்தவர். 1969-ல் முதல் சிறுகதை, 1980-ல் மாலைமதியில் ‘வாடகைக்கு ஓர் உயிர்’. அதன்பிறகு 1500-க்கும் மேற்பட்ட நாவல்கள். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய ‘க்ரைம் நாவல்’ இதழ்களை வாங்கிக்கொண்டு ஏறினால், காந்திபுரத்தில் விழுந்த பிணத்துக்கு ஈரோடு வருவதற்குள் விவேக் பதில் கண்டுபிடித்துவிடுவார். கூடவே ரூபலா, கடி ஜோக் அடிக்க விஷ்ணு.

இலக்கியக்காரர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்ற புகார் பழையது, அதை நான் புதுப்பிக்கப் போவதில்லை. அவர் செய்த இரண்டு காரியங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பங்களாவிலும் ஜமீனிலும் மாட்டிக்கொண்டிருந்த மர்மத்தை ஆர்.எஸ். புரத்துக்கும் வடவள்ளிக்கும் அவினாசி ரோட்டுக்கும் கொண்டுவந்தார். தன் தெருவில் இப்படி நடக்கலாம் என்று கோவைக்காரன் முதல்முறையாக ஜன்னலைத் திறந்து பார்த்தான். இரண்டாவது, தொடர்பே இல்லாத இரண்டு கதைகளை மாற்றி மாற்றி ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடும் அவருடைய வடிவம். அது நகரத்தின் வடிவம். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு குற்றத்தில் சந்திப்பது கிராமத்தில் நடக்காது. பஞ்சாலையும் பம்ப்செட் பட்டறையும் நாலா திசையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த கோவையில் நடக்கும். அந்த வகையில் ராஜேஷ்குமார் கோவையை நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் வேகம் அவருடைய பலம் என்பதாலேயே மென்மர்மத்தின் நிதானம் அதில் இல்லை. நான் வாசித்தவரையில் விவேக் வெளியே இருந்து வருகிறவர். வழக்கு முடிந்ததும் போய்விடுவார். உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த நாள் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மிஸ் மார்ப்பிளுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. மென்மர்மத்தில் ‘மென்மை’ என்பது ரத்தம் இல்லாததால் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படியில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் அதே ஊரில் குடியிருக்க முடியும் என்கிற நம்பிக்கையிலிருந்துதான் அந்த மென்மை வருகிறது. நமக்கு இல்லாதது துப்பறியும் மூளை அல்ல, இந்த நம்பிக்கை.

*

நம்பிக்கை இல்லாத இடத்தில் ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் ஒன்று இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவர்கள், துரோகம் செய்யப்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், வந்து மிளகாய் அரைத்து அதில் பூசிவிட்டுப் போவார்கள். பெயரை அம்மனிடம் மட்டும் சொன்னால் போதும். எனக்குத் தெரிந்து உலகத்தில் இதைவிட நேர்த்தியான துப்பறியும் நிலையம் கிடையாது. யார் செய்தது என்று வருகிறவளுக்கே தெரியும். ஊரில் சொல்ல முடியாததை ஒரு இடத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ‘நாஞ் சொன்னன்னு’ அம்மன் யாரிடமும் சொல்லிப்போட மாட்டாள்.

அந்த அம்மன் யார் என்பதற்குத் தல நம்பிக்கை சொல்லும் கதை ஒரு கொலைக் கதை. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்ற மன்னன் ஒரு பெண்ணைக் கொல்வித்தான். அவள்தான் இங்கே மல்லாந்து படுத்த கோலத்தில் அம்மனாகக் கிடக்கிறாள் என்கிறார்கள். இந்தப் பெண்ணின் கொலை குறுந்தொகையில் பரணர் பாட்டில் இருக்கிறது. 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் ஈடாகக் கொடுக்க முன்வந்தும் நன்னன் ஒப்பவில்லை என்று பாடல் சொல்கிறது. அந்த நன்னனைப் போலத் தாயும் மீளாத நரகத்துக்குப் போகட்டும் என்ற சாபம் அதில் இருக்கிறது. பாடலில் ஆனைமலை என்ற பெயர் இல்லை, அந்தத் தொடர்பை ஊர் தன் நம்பிக்கையால் இட்டுக்கொண்டது. அதுவும் எனக்கு முக்கியமாகவே படுகிறது. சொல்லப்பட்ட ஒரு குற்றத்தைத் தன் ஊர்க் கதையாக எடுத்துக்கொள்ள இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஜனங்கள் விரும்புகிறார்கள்.

பரணர் மன்னர்களைப் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்த புலவர் கூட்டத்தில் ஒருவர். அவர் ஒரு மன்னனின் பெயரைச் சொல்லி, ‘இவன் பெண்ணைக் கொன்றவன்’ என்று பாட்டில் வைத்துவிட்டார். துப்பறிய ஒன்றுமில்லாத வழக்கு அது. எல்லோருக்கும் தெரிந்ததைப் பெயரோடு சொன்னதுதான் காரியம். ஒரு குறை மட்டும் உண்டு. கொன்றவன் பெயர் நிலைத்தது, கொல்லப்பட்டவளின் பெயர் பாட்டில் இல்லை. இன்றைய மர்மக் கதைகளுக்கும் இந்தக் குறை உண்டு.

*

மென்மர்மம் இன்று உலகமெங்கும் மீண்டும் விற்கிறது. அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-ல் போட்ஸ்வானாவின் தலைநகரில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்கிற பெண்ணைத் துப்பறிய உட்கார்த்தினார். பெரும்பாலும் கொலைகூட இல்லாத கதைகள், இருந்தாலும் ஒரு நாட்டின் மனசு அதில் தெரிகிறது. 2020-ல் ரிச்சர்ட் ஆஸ்மானின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ வந்தது. முதியோர் குடியிருப்பில் வாழும் நான்கு பேர் வியாழக்கிழமை தோறும் கூடிப் பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். கோவையைச் சுற்றி இப்போது அப்படிப்பட்ட முதியோர் குடியிருப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், ஹெட்மாஸ்டர், நர்ஸம்மா, மில் கணக்கர் நாலு பேரை நடைபயிற்சிக்குப் பிறகு ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால் ஆஸ்மானின் கதை தொண்டாமுத்தூர் ரோட்டிலேயே எழுந்துவிடும். யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஆனால் நான் உண்மையில் எதிர்பார்ப்பது அதுவல்ல. அடைத்துக் கிடக்கும் பண்ணை வீட்டில் பிணம் என்பது ஆங்கிலக் கதையில் ஒரு விளையாட்டு. நம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதம் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்ட, கிளுவை வேலிக்குள் நாயையும் ஒற்றை விளக்கையும் நம்பி இருக்கிற வீடுகள் அவை. முன்பு ஊருக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் மாட்டார்கள். இப்போது பக்கத்துத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாத காலம் வந்துகொண்டிருக்கிறது. சொல்ல ஆள் இல்லாத ஊரை விடவும் தெரிந்துவைத்திருக்க ஆள் இல்லாத ஊர் பயங்கரமானது.

அதனால்தான் ஒரு கொங்குத் துப்பறியும் ஆத்தா வேண்டும் என்கிறேன். அவள் ‘நாகம்மாள்’ முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் வர வேண்டும். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கணக்கு வைத்திருக்க வேண்டும். செத்தவர் யார் என்று முதலில் சொல்ல வேண்டும், பெயரோடு, அவர் எப்படிச் சிரிப்பார் என்பதோடு. பிறகு ஊர் கூடியிருக்கும் இடத்தில், சாதிக்காரன் சொந்தக்காரன் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, ‘நாந்தான் சொன்னன், போய்ச் சொல்லுங்க’ என்று சேலையை உதறி எழுந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். மறுநாள் காலையில் அவள் அதே தெருவில் பால் வாங்கப் போவதை எந்த எழுத்தாளர் நம்பும்படி எழுதுகிறாரோ, அவர் எழுதியதுதான் தமிழின் முதல் மென்மர்மக் கதை.